இரண்டு கையும் வைத்தால் ஃபெயில்

போன வாரம் தேன்மொழி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று வந்த பிறகு என் நாற்காலிக்கு வந்தவள், என்னிடமே படித்தவள். தொழிற்பயிற்சிப் பாடத்திட்டங்களை எல்லாம் மறுபடி எழுதுகிறார்களாம், அந்தக் குழுவில் அவளைப் போட்டிருக்கிறார்களாம். "மேடம், நீங்க ஒரு நாள் வந்து பேசணும். உங்க அனுபவத்தைச் சொன்னா எங்களுக்கு மோட்டிவேஷனா இருக்கும்" என்றாள். சால்வை உண்டு, மதியச் சாப்பாடு உண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

மோட்டிவேஷன் எல்லாம் என்னிடம் கிடையாது. நான் வாயைத் திறந்தால் போர்த்திய சால்வையைத் திருப்பி வாங்கிக்கொண்டுவிடுவார்கள். எழுதித் தருகிறேன், உன் குழுவில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் படித்துக் காட்டு என்று சொல்லிவிட்டேன்.

நான் படித்தது டூல் அண்ட் டை, தகடு வெட்டுகிற இரும்பு அச்சுகள் செய்கிற படிப்பு. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதில் பட்ட பாட்டை எழுதினால் அது தனிக் கதை, இங்கே வேண்டாம். சில வருடம் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் அச்சு செய்தேன். பிறகு பயிற்றுநர் வேலை கிடைத்து, கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பயிற்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் திடுதிடுவென்று தொழிற்சாலைகள் வந்தன. இரண்டு வருடப் படிப்பு எல்லாம் பழசு, மூன்று மாதத்தில் ஒரே ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. அந்தக் குறுகிய காலப் படிப்புகளுக்குப் பாடம் எழுத என்னையும் குழுவில் போட்டார்கள்.

பாடத்திட்டம் என்றால் யாரோ நாலு பேர் ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்து எழுதுவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி அப்படித்தான் நடக்கிறது. ஆனால் எங்களுக்குச் சொல்லித்தந்த முறை வேறு. அது நல்ல முறை என்று இன்றைக்கும் சொல்வேன். எந்த வேலைக்குப் பாடம் எழுதுகிறோமோ, அதில் கைதேர்ந்த ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும். ஒரு ஷிப்ட் முழுக்க அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் செய்வதை எல்லாம், செய்கிற வரிசையிலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலில் முடிய வேண்டும். 'புரிந்துகொள்ளுதல்', 'அறிந்திருத்தல்' என்று எழுதினால் செல்லாது, ஒருவன் புரிந்துகொண்டானா இல்லையா என்று வெளியே நின்று பார்க்க முடியாதே. 'அளத்தல்', 'திருகுதல்', 'நிறுத்துதல்' என்று எழுதலாம். கடைசியில் ஒவ்வொரு செயலுக்கும் எதிரே ஓர் அளவு போட வேண்டும், எவ்வளவு துல்லியமாக, எத்தனை நேரத்தில் எத்தனை என்று. மாணவன் தேறினானா தோற்றானா என்பதை அந்த அளவுதான் தீர்மானிக்கும்.

எழுதியதை எடுத்துக்கொண்டு எங்கள் இணை இயக்குநரிடம் போவோம். அவர் பெயர் வேண்டாம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சட்டைப் பையில் பச்சை மைப் பேனா இருக்கும். வரைவைக் கையில் வாங்கினால் மற்றதை விட்டுவிட்டு வரிகளின் கடைசி வார்த்தைகளை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார். எதையும் அடிக்க மாட்டார். பிடிக்காத வார்த்தையைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டு, மேலே வேறு வார்த்தை எழுதுவார். முடியாது என்றும் சொல்ல மாட்டார். "செய்யலாமே" என்றால் செய்ய மாட்டார் என்று அர்த்தம். "பார்க்கலாமே" என்றால் அந்தப் பைல் செத்துப்போனது என்று அர்த்தம். கூட்டத்தில் டீ வந்தால் தொழிற்சாலைக்காரர்கள் பக்கம் பிஸ்கட் தட்டைத் தன் கையாலேயே நகர்த்துவார், எங்கள் பக்கம் அது வந்ததில்லை. நல்ல தமிழ் தெரிந்த மனிதர், அந்தத் தமிழை வைத்து என்னென்ன செய்தார் என்று சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்தது பிரஸ் ஆபரேட்டர் படிப்பு. பிரஸ் மெஷினில் மேலே ஓர் இரும்புப் பாரம், கீழே அச்சு. நடுவில் தகட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினால் பாரம் இறங்கித் தகட்டை வெட்டும். நடுவில் கை இருந்தால் கையையும் வெட்டும். அதனால்தான் அதற்கு இரண்டு பொத்தான், தோள் அகலத்துக்குத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பாரம் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது அச்சுக்குள் எந்தக் கை இருக்கும்? இதைவிட எளிமையான பாதுகாப்பு உலகத்திலேயே கிடையாது.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போகிற சாலையில் ஒரு தொழிற்சாலை, வண்டிகளுக்குக் கிளிப் அடிக்கிற இடம். ஏழுமலை என்கிற ஆபரேட்டர் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். கை அப்படி ஓடியது அவருக்கு. இடது பொத்தானைப் பார்த்தேன். சைக்கிள் டியூபை நீளமாக அறுத்து, பொத்தான் அமுங்கியபடியே இருக்கும்படி இறுக்கிக் கட்டியிருந்தார். அடுத்த மெஷினைப் பார்த்தேன், அதிலும் டியூப். அந்த வரிசை முழுக்க டியூப். வலது கை பொத்தானை அழுத்துகிறது, இடது கை பாரத்துக்குக் கீழே தகட்டை வைத்து வைத்து எடுக்கிறது.

"ஏண்ணா இப்படி?" என்று கேட்டேன்.

"டார்கெட்டு மேடம். ரெண்டு கையும் வச்சிக்கினு இருந்தா நாள் பூரா இங்கயே குந்திக்கினு இருக்க வேண்டியதுதான். இந்த டியூபு இன்னா நானா வாங்கியாந்தேன்? சூப்ரவைசர் குட்த்தாரு" என்றார், கையை நிறுத்தாமல்.

பார்த்ததைத்தானே எழுத வேண்டும்? எழுதினேன். 'இடது பொத்தானை ரப்பர் பட்டையால் கட்டுதல்.' அளவு என்ற இடத்தில், மணிக்கு அறுநூறு. வேண்டும் என்றேதான் எழுதினேன். கூட்டத்தில் இதைப் படித்தால் நாலு பேராவது திடுக்கிடுவார்கள், இந்தக் கூத்து வெளியே வரும் என்று நம்பினேன். எவ்வளவு நம்பிக்கை பாருங்கள் எனக்கு.

கூட்டத்தில் ஒருவரும் திடுக்கிடவில்லை. அந்தத் தொழிற்சாலையின் எச்.ஆர். மேனேஜர் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி. அவர்தான் முதலில் பேசினார். "ரப்பர்னு இருக்கிறது பார்க்க நல்லா இல்லை சார்" என்றார். இணை இயக்குநர் தலையசைத்தார். பச்சை வட்டம் போட்டார். மேலே எழுதினார்: 'இடது பொத்தானை இயக்க நிலையில் இருத்துதல்.'

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "சார், இதை நான் போர்டுல எழுதி நடத்தணுமா? புள்ளைங்களே, இப்படித்தான் விரலை வெட்டிக்கணும்னு சொல்லித்தரணுமா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க. பார்த்ததை எழுதணும்னு நீங்கதானே எல்லாருக்கும் வகுப்பு எடுப்பீங்க?" என்றார் இணை இயக்குநர்.

"பார்த்தது குத்தம் சார். குத்தத்தைப் பாடமா வைக்கச் சொல்லலை."

சாப்பாடு ஆறிப்போகும்வரை கத்தினேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் அந்த வரியை எடுத்தார்கள். அந்த இடத்தில் நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள்: 'ஒவ்வொரு முறையும் இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளாலும் அழுத்துதல்.' அது என் வாக்கியம். அதோடு நிறுத்தவில்லை நான். "இந்த அறுநூறு டியூப் கட்டி அடிச்ச கணக்கு சார். ரெண்டு கையும் வச்சா எத்தனை வரும்னு மறுபடி அளக்கணும்" என்றேன். எச்.ஆர். மேனேஜர் சிரித்தார். "அது இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்டு மேடம். டார்கெட் அடிக்கத் தெரியாத ஆள் எங்களுக்கு எதுக்கு?"

நான் இணை இயக்குநரைப் பார்த்தேன். "பார்க்கலாமே" என்றார்.

அந்தப் பாடத்தை நடத்த வேண்டியவளும் நான்தான். முதல் வகுப்பில் வந்து சேர்ந்தவள் நாகலட்சுமி. கவரைப்பேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம், சொந்தத்தில் நெல் போடுகிற குடும்பம். அதே தொழிற்சாலை இடத்தைப் பெரிதாக்கியபோது இவர்கள் நிலத்தில் ஒரு பக்கத்தை வாங்கினார்கள். வீட்டில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்று வாய்வார்த்தை. பத்திரம் முடிந்த பிறகு அது 'சர்டிபிகேட் இருந்தால் வேலை' என்று மாறிவிட்டது. சர்டிபிகேட்டுக்காக வந்தவள் அவள். கெட்டிக்காரி. நாஷ்டாவை வகுப்பிலேயே மறைத்து வைத்துத் தின்பாள், கேட்டால் வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரிப்பாள். ஆனால் மெஷின் முன்னால் நின்றால் முகமே மாறிவிடும். பொத்தான், கை, தகடு, பொத்தான், கை. நான் சொன்னபடியே செய்வாள், ஒரு தடவை தவற மாட்டாள்.

பரீட்சை வந்தது. வெளியிலிருந்து ஒரு சூப்பர்வைசர் தேர்வாளராக வந்தார். நான் அறையில் நின்றேன். எல்லாரும் இரண்டு கையும் வைத்து அடித்தார்கள். ஒருவருக்கும் அறுநூறு வரவில்லை. நாகலட்சுமிதான் எல்லாரையும் விட அதிகம், அவளுக்கும் அறுநூறு எட்டாத தூரத்தில் நின்றது. வகுப்பு மொத்தமும் ஃபெயில். "நல்ல பசங்க மேடம், ஸ்பீடுதான் பத்தலை" என்று சொல்லிவிட்டுப் போனார் தேர்வாளர்.

நாகலட்சுமி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இன்னா மேடம் இது? ரெண்டு கையும் வைன்னு இதுலதான் போட்டுக்குது. வச்சா ஃபெயிலுன்றாங்கோ. ரெண்டுல எது மேடம் பாடம்?"

அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுபோய் இணை இயக்குநர் மேசையில் போட்டேன். "பயிற்சியில கொஞ்சம் குறை இருக்கலாமே" என்றார். மறுதேர்வு என்று உத்தரவு வந்தது. இந்த முறை பயிற்றுநர் தேர்வு அறைக்குள் இருக்கக் கூடாது, அப்போதுதான் நடுநிலையாக இருக்கும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. யாருக்கு நடுவில் நிற்கிற நிலை அது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே மெஷின் அடிக்கிற சத்தம் கேட்டதுமே தெரிந்துவிட்டது. அந்த வேகம் இரண்டு கையில் வராது. வகுப்பு மொத்தமும் பாஸ். பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். நாகலட்சுமி என் முகத்தைப் பார்க்காமல் போகப் பார்த்தாள். நிறுத்தி, "கட்டினியா?" என்று கேட்டேன்.

"எல்லாருந்தான் கட்டிக்கினாங்கோ. அந்த சாரு ஜன்னலாண்ட போயி ரோட்ட பாத்துக்கினு இருந்தாரு" என்றாள். பிறகு மெதுவாக, "எங்க நைனா நெலத்தயும் குட்துட்டு அந்த கேட்டாண்ட போயிப் போயி நின்னுக்கினு இருக்காரு மேடம். வாட்ச்மேன் கூட வெரட்றான். நான் இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

வேலைக்குப் போனதும் கட்டாதே என்று சொன்னேன். தலையாட்டினாள். அங்கே போனால் கட்டாமல் விடுவார்களா என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கையில் பெரிய கட்டுப் போட்டிருந்தார்கள். அவள் அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். எதற்கு என்னைக் கும்பிட வேண்டும்? அந்தக் கும்பிடு என்னை எரித்தது.

அடுத்த வாரம் இணை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். ஒரு கடிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. தொழிற்சாலை கேட்டிருந்ததாம். மேற்படி தொழிலாளிக்கு இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளாலும் அழுத்துமாறு எங்கள் நிலையத்தில் முறையாகக் கற்பிக்கப்பட்டது, அது பாடத்திட்டத்திலேயே உள்ளது என்று எழுதி, என் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டிருந்தார்கள். அவள் விதியை மீறினாள், விரல் போனது அவள் தப்பு, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். அவளைப் போன்றவர்களைக் காப்பாற்றச் சண்டை போட்டு வாங்கிய வரியை எடுத்து அவள் கழுத்தில் சுருக்காகப் போடுகிறார்கள்.

"இதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா காட்டுங்க" என்றார் அவர், பேனாவை நீட்டிக்கொண்டே.

பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். "போடறேன் சார். கீழே ஒரு வரி சேர்த்துட்டுப் போடறேன். அப்படி அழுத்தினா எங்க பரீட்சையில யாரும் தேற முடியாதுன்னு."

"அதை அவங்க கேட்கலையே."

பேனாவை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார் என்று பிறகு தெரிந்தது.

திருவள்ளூரில் இழப்பீட்டு விசாரணை நடந்தது. நான் லீவு போட்டுப் போனேன். எச்.ஆர். மேனேஜர் எழுந்து நின்று என் வாக்கியத்தைப் படித்தார். தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, நான் வகுப்பில் படிப்பதைவிட நன்றாகவே படித்தார். விசாரணை அதிகாரி நாகலட்சுமியிடம், "இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தாங்களாம்மா?" என்று கேட்டார்.

"சொல்லிக்குட்த்தாங்க சார்."

"அப்புறம் ஏன் கட்டினே?"

என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். "ஐயா, அந்த வரியை எழுதினவ நான். சொல்லிக்கொடுத்தவளும் நான். ஒரே ஒரு தடவை எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வாங்க. அந்த வரிப்படி நானே மெஷின்ல நின்னு அடிக்கிறேன். நீங்களே எண்ணிப் பாருங்க" என்றேன். எச்.ஆர். மேனேஜர் இது விசாரணைக்குத் தொடர்பில்லாதது என்றார். அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வருகிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார், கூடவே எச்.ஆர். மேனேஜரும் வந்தார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நின்றேன். நான் அச்சு செய்து பழகியவள், பிரஸ் என் கைக்குப் புதிதில்லை. பொத்தான், கை, தகடு, பொத்தான், கை. தோள்பட்டை கழன்றுவிடும் போல் வலித்தது. ஒரு மணி நேரம் ஆனதும் அதிகாரி தட்டிலிருந்து எடுத்து எண்ண வைத்தார். அறுநூறுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

"ஃபெயில்னு எழுதிக்கோங்க ஐயா. இந்தப் பாடத்தை எழுதினவளே இந்தப் பரீட்சையில ஃபெயில்" என்றேன். பிறகு எச்.ஆர். மேனேஜரைப் பார்த்து, "சார், ஸ்டாண்டர்டு உங்களோடதுதானே, நீங்க ஒரு தடவை நில்லுங்க" என்றேன். அவர் வாசல்படியை விட்டு உள்ளே வரவே இல்லை. போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். தப்பு தொழிலாளி மேல் இல்லை என்று எழுதினார். இழப்பீடு கொடுக்க வேண்டும், ஸ்டோரில் வேலை கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். அதோடு எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார். பாடத்திட்டத்தில் உள்ள செயல்முறையும் அதன் எதிரே உள்ள அளவும் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன, உடனே சரிசெய்யவும் என்று. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டில் பாயசம் வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்த பாடத்திட்டம் வந்தது. பக்கத்தைப் புரட்டினேன். பச்சை வட்டம் இருந்தது. அறுநூறைச் சுற்றி இல்லை, என் வாக்கியத்தைச் சுற்றி. மேலே அழகான கையெழுத்தில், 'தொழிற்சாலை நடைமுறைப்படி இயந்திரத்தை இயக்குதல்.' அறுநூறு அப்படியே இருந்தது.

ஓடினேன் அவர் அறைக்கு. "சார், என்ன சார் இது?"

"முரண்பாட்டை நீக்கச் சொன்னாங்க. நீக்கியாச்சே" என்றார். அவர் குரல் அப்போதும் உயரவில்லை. என் குரல் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டதாம். குழுப் பட்டியலில் என் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எடுங்கள், அதன் கீழே என் பெயர் இருந்தால்தான் எனக்கு அவமானம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு என்னை எந்தக் குழுவிலும் போடவில்லை.

தேன்மொழி, உன் குழுவில் ஒவ்வோர் எண்ணுக்கு முன்னாலும் நிறுத்து. இதை அளந்தபோது அந்த ஆளின் இரண்டு கையும் எங்கே இருந்தன என்று கேள். பதில் தெரியவில்லை என்றால் அந்த எண்ணைப் போட்டவனை முதலில் மெஷின் முன்னால் நிறுத்து. உன்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள், சொல்லட்டும்.

பாடத்திட்டத்தில் வரி மாறிய செய்தியை நாகலட்சுமியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஷிப்ட் விட்டு வரும் நேரம், புதுவாயலில் ஒரு டீக்கடை முன்னால் பிடித்தேன். ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருந்தாள். மீந்த மூன்று விரலில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நம் வரியையே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் ரோட்டைப் பார்த்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து அடுத்த ஷிப்ட் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லதாப் போச்சு வுடுங்க மேடம்" என்றாள். "இனிமே வெரலு போனவள நிக்க வச்சிக்கினு, 'நாங்க சொல்லிக்குட்த்தோமே, நீதான் கேக்கல'ன்னு எவனும் படிச்சிக் காட்ட முடியாதுல்ல."

சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தாள். அவளுக்குக் கோபமே இல்லை. எனக்கு வந்தது, இன்னும் இறங்கவில்லை.